கழுத்திறகு கண்ணான கதை

முதுமலைப் பக்கம் விடியலில் போனால் சாலையோரம் காட்டுக்கோழி மேய்வதைப் பார்க்கலாம். சேவலின் கழுத்தை நின்று பார்க்கத்தான் முடியாது. வண்டிச் சத்தம் கேட்டதும் புதருக்குள் ஓடிவிடும். அந்தக் கழுத்திறகுகளின் நுனியில் மெழுகு சொட்டி உறைந்ததுபோல வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். தடவினால் இறகாகத் தோன்றாது, நகம்போல வழவழக்கும். தண்டே அங்கு தட்டையாக விரிந்து கெட்டித்திருக்கிறது. எல்லாம் பெட்டையை மயக்கத்தான். இணைசேரும் பருவம் முடிந்தால் உதிர்ந்துவிடும்.

புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் சொன்னெராவின் பெயரைத்தான் இந்தப் பறவையின் அறிவியல் பெயர் சுமக்கிறது. பெயர் போன ஐரோப்பாவுக்கே பறவையின் கழுத்துத் தோலும் போனது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் சால்மன் பிடிக்க இறகுத் தூண்டில் கட்டியவர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். அங்கிருந்து பழக்கம் அமெரிக்காவுக்குத் தாவியது.

மேய்ன் மாநிலத்தில் அப்பர் டேம் என்ற இடம். மீன்பிடிக்க வருபவர்களுக்கு வழிகாட்டும் ஒருவரின் மனைவி, கேரி ஸ்டீவன்ஸ். பெண்களின் தொப்பிக்கு இறகு வைத்துப் பழகிய கை. 1924 ஜூலை 1 அன்று வீட்டுவேலையைப் பாதியில் போட்டுவிட்டு, தான் கட்டிய புதுத் தூண்டிலோடு அணைக்கட்டுக்குப் போனார். சிக்கிய புரூக் ட்ரவுட் 6 பவுண்டு 13 அவுன்ஸ், ஏறக்குறைய 3 கிலோ. ‘ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழின் போட்டியில் இரண்டாம் பரிசு. பிறகு தூண்டில் கேட்டு வந்த கடிதங்களே அவருக்குத் தொழிலாகிவிட்டன.

அவர் கட்டியவற்றில் பெயர்பெற்றது ‘கிரே கோஸ்ட்’. அப்பகுதி ஏரிகளில் ட்ரவுட் துரத்தித் தின்னும் ஸ்மெல்ட் என்ற வெள்ளிநிறப் பொடிமீனின் சாயல் அது. நீளத் தண்டுள்ள முள்ளில் ஆரஞ்சுப் பட்டுநூல், அதன்மேல் வெள்ளிச் சரிகை. அடியில் வெள்ளை மான்வால் மயிரும் மயிற்பீலி இழைகளும். முதுகாகச் சாம்பல் இறகு. கன்னத்தில் கண்ணாக நம் காட்டுச்சேவலின் கழுத்திறகு. கவ்விப் பிடிக்கும் இடுக்கி எதுவுமின்றி, முள்ளை விரலிடுக்கில் வைத்தே இத்தனையையும் கட்டினார் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

நனைந்தால் மற்ற இறகுகள் ஒட்டி ஒடுங்கும். இழுக்க இழுக்க உடல்போல நெளியும், அது வேண்டும்தான். ஆனால் கண் நெளியக் கூடாது. பொடிமீனைத் தாக்க வரும் பெரிய மீன் கண்ணைக் குறிவைப்பதுண்டு. கெட்டித்த அந்தப் புள்ளி தண்ணீருக்குள்ளும் கலையாமல் நிற்கும்.

இன்று இந்தப் பறவையை வேட்டையாடுவது இந்தியாவில் குற்றம். தூண்டில் கட்டுவோர் வெளிநாட்டுப் பண்ணைகளில் வளர்த்த சேவல்களின் தோலை வாங்குகிறார்கள். கட்டுப்படியாகாதவர்கள் சாயப்புள்ளி வைத்துக்கொள்கிறார்கள்.

இறகு அந்தப் பக்கம் போக, மீன் இந்தப் பக்கம் வந்தது. பொழுதுபோக்காகத் தூண்டில் போட வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் ட்ரவுட் விட்டார்கள். அங்குள்ள அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகமே அமைத்தார்கள். அங்கே ஓடைக்குள் ட்ரவுட். கரைமேல் சோலைக்குள் காட்டுச்சேவல் கூவுகிறது.