சவடால் வைத்தியும் நாடகக் காண்டிராக்டர்களும்

'தில்லானா மோகனாம்பாள்' என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரமும் மோகனாவின் சலங்கையும்தான். அப்புறம் ஜில் ஜில் ரமாமணி. ஆனால் கதையை நகர்த்துகிற ஆள் இவர்களில் யாரும் இல்லை, நாகேஷ் நடித்த சவடால் வைத்திதான். வைத்தி பாடத் தெரிந்தவனில்லை, ஆடத் தெரிந்தவனில்லை. வாய் ஒன்றுதான் மூலதனம். ஆடுகிற பெண்ணுக்கும் பணமுள்ள மைனர், மகாராஜாவுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் ஆசை காட்டி வயிறு வளர்க்கிறவன். வைத்தி வரும் காட்சிகளை மட்டும் தனியாகத் தொகுத்தால் ஒரு முழு நகைச்சுவைப் படமே தேறும்.

அமெரிக்காவில் இதே தொழிலை வைத்து உடி ஆலன் 1984-ல் 'பிராட்வே டேனி ரோஸ்' என்று ஒரு படம் எடுத்தார். அதில் வரும் டேனி ரோஸ் கலைஞர்களுக்கு வாய்ப்பு பிடித்துத் தருகிற மேனேஜர். ஒற்றைக் கால் நடனக்காரர், பலூனை முறுக்கி உருவம் செய்கிறவர் என்று யாருமே சீந்தாதவர்களைக் கட்டிக்கொண்டு அழுவார். அவர் வளர்த்து விட்ட பாடகர் கொஞ்சம் பெயர் வந்ததும் வேறு மேனேஜரிடம் போய்விடுவார். அங்கே கலைஞன் மேனேஜரைக் கைவிடுகிறான். நம் ஊர் கதையில் மோகனாவால் வைத்தியை அப்படிக் கைவிட முடிகிறதா? அவள் அம்மா வடிவாம்பாளே வைத்தியின் பேச்சில் மயங்கித்தானே கிடக்கிறாள்! இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடினால் சினிமாவை விட்டு நாடகத்துக்குப் போக வேண்டும்.

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது. (சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் அசோகமித்திரன் கட்டுரை படித்தவர்களுக்கு இந்த சுப்பு யாரென்று தெரிந்திருக்கும்.) கதை நடப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில். 1968-ல் அதைப் படமாக்கிய ஏ.பி. நாகராஜன் சிறு வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து பெண் வேடம் போட்டவர். சிவாஜி பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். ரமாமணியாக வந்த மனோரமா 'பள்ளத்தூர் பாப்பா' என்று மேடையில் பெயர் வாங்கிவிட்டு சினிமாவுக்கு வந்தவர். ஆக, வைத்தி மாதிரி ஆட்கள் இவர்களுக்குக் கற்பனை இல்லை. வேடிக்கை என்னவென்றால், கம்பெனி நாடகத்தில் வளராமல் சென்னை சபா நாடகங்கள் வழியாக வந்த நாகேஷ்தான் அந்த வேடத்தில் வெளுத்துக் கட்டினார்.

அந்தக் காலத்தில் நாடகம் இரண்டு வகை. ஒன்று கம்பெனி நாடகம்: முதலாளி சோறு போட்டு, பையன்களைச் சேர்த்து வைத்து, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடத்துவது. இன்னொன்று ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். ஒத்திகையும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணமோ பவளக்கொடியோ எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அன்று ராத்திரி மேடையில் சந்தித்து விடிய விடிய நடத்திவிடுவார்கள். இவர்களை ஒன்று சேர்க்கிறவர்தான் காண்டிராக்டர். அச்சாரம் கொடுப்பது, நோட்டீஸ் அடிப்பது, வசூலை எண்ணுவது எல்லாம் அவர் பொறுப்பு. யாருக்கு எதிரே யார் நடிப்பது என்பதும் அவர் கையில்தான்.

அந்த ஏற்பாட்டின் இன்னொரு முகத்தைப் பார்க்க சிவகாசிக்கு வர வேண்டும். தீப்பெட்டியும் பட்டாசும் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1886-ல் அந்த ஊரில் பிறந்தவர் விசுவநாத தாஸ். பிறகு திருமங்கலத்தில் வாழ்ந்தார். ஸ்பெஷல் நாடகத்தில் பெரிய ராஜபார்ட். வேலனாகவோ வேடனாகவோ வேடம் போட்டுக்கொண்டு நடுவில் வெள்ளையனை விரட்டச் சொல்லிப் பாடுவார். வள்ளி தினைப்புனத்தில் கொக்கு விரட்டுகிற காட்சியில் அந்த வெள்ளைக் கொக்கு எது என்று ஜனங்களுக்குப் புரியும், போலீசுக்கும் புரியும். மேடையிலேயே வேடத்தோடு கைது செய்வார்கள். பல முறை சிறைக்குப் போனார்.

இதை ஒரு காண்டிராக்டரின் கணக்கில் யோசித்துப் பாருங்கள். தாஸ் பெயர் போட்டால் கூட்டம் நிச்சயம். ஆனால் பாதி நாடகத்தில் போலீஸ் வந்தால் அன்றைய வசூலும் போச்சு, மறுநாள் கொட்டகையும் போச்சு. போதாதற்கு இன்னொரு தொல்லை. தாஸ் மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடியாக நடிக்க நடிகைகள் சிலர் மறுத்தார்கள். முருகனாக மேடையில் நிற்பவரைக் கும்பிடுகிற ஊரில், திரைக்குப் பின்னால் இந்தக் கதை! தாஸ் பாட்டை நிறுத்தவில்லை. கடனோடுதான் வாழ்ந்தார். 1940 டிசம்பர் 31-ல் சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். மயில் வாகனத்தில் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. முருகன் வேடத்தோடே இறுதி ஊர்வலம் நடந்தது.

கம்பெனிக்காரர்கள் நிலைமையும் ரொம்ப மேல் என்று சொல்ல முடியாது. முதலாளி கையைக் கடித்துக்கொண்டால் கம்பெனி எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரிலேயே கலையும். சீன் வரைகிற கொண்டையராஜு அப்படித்தான் 1940-களில் கோவில்பட்டியில் நின்றுபோனார். அவருக்கு அதிர்ஷ்டம் பக்கத்திலேயே இருந்தது. சிவகாசி அச்சகங்கள் தீப்பெட்டி லேபிளிலிருந்து காலண்டருக்கு வளர்ந்துகொண்டிருந்த சமயம். நாடகப் படுதாவில் வரைந்த அதே கையால் அவர் வரைந்த முருகனும் லட்சுமியும் தமிழ்நாட்டுச் சுவர்களில் எல்லாம் தொங்கினார்கள். ஆனால் அதே போலக் கலைந்த பபூனுக்கும் ஆர்மோனியக்காரருக்கும் எந்த அச்சகம் வேலை கொடுக்கும்?

டேனி ரோஸை விட்டுப் பாடகர் போனது நல்ல மனது கெட்ட மனது சமாச்சாரம் மட்டுமில்லை. போவதற்கு வேறு ஆபீஸ் இருந்தது, வேறு மேடை இருந்தது. மோகனாவுக்கு இருந்த கதவுகள் இரண்டே இரண்டு: ஒன்று வைத்தி காட்டுகிற அரண்மனை, இன்னொன்று சண்முகசுந்தரத்தின் தாலி. படம் இரண்டாவதைத் திறந்து சுபம் போட்டுவிடுகிறது. நடுவில் மகாராணி வந்து தடுத்திராவிட்டால் மதன்பூரில் என்ன ஆகியிருக்கும் என்பதை நாகேஷின் சிரிப்பில் நாம் மறந்துவிடுகிறோம். தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-ல்தான்.

ஸ்பெஷல் நாடகம் இன்னும் செத்துவிடவில்லை. டிக்கெட் கொட்டகைகள் போய், கோயில் திருவிழாக்களில் ஊர்ப் பணத்தில் இலவசமாக நடக்கிறது. பங்குனி, சித்திரையில் மதுரைக்குத் தெற்கே போனால் சுவர்களில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வரிசையாகப் படம் போட்ட நோட்டீஸைப் பார்க்கலாம். ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு பேசப் போவது இன்றும் ஓர் ஏஜெண்டிடம்தான். அவர் டைரியில் எந்தத் தேதிக்கு யார் பெயர் எழுதப்படுகிறதோ, அவர் வீட்டில்தான் அந்த சீசனில் அடுப்பு எரியும்.