நரம்பின் வேகம்

பாதத்தில் மதமதப்பு என்று போனதற்கு டாக்டர் நரம்புப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சர்க்கரைக்காரர்கள் பலருக்குத் தெரிந்ததுதான்: கணுக்காலில் ஒரு ஷாக், முழங்காலுக்குப் பின்னால் ஒரு ஷாக், பிறகு கையில் ஒரு தாள். இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அது ஒரு தவளைக் காலில் போய் நிற்கிறது.

பெர்லினில் யோஹன்னஸ் முல்லர் என்று ஒரு பெரிய பேராசிரியர். நரம்புச் செய்தியின் வேகத்தை நம்மால் அளக்க முடியாது என்றே எழுதி வைத்திருந்தார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல், கோனிக்ஸ்பர்க் ஊரில், அதை அளந்தே விட்டார். யுக்தி எளிது. தவளையின் கால் நரம்பில் தசைக்குப் பக்கத்தில் ஒருமுறை, தள்ளி ஒருமுறை மின்சாரம் கொடுத்தார். தள்ளிக் கொடுத்தபோது தசை ஒரு துளி தாமதமாகத் துடித்தது. இடையில் உள்ள தூரத்தை அந்தத் தாமதத்தால் வகுத்தால் வேகம். அளவுகளைக் குறித்துக்கொண்டவர் அவர் மனைவி ஓல்கா. அந்த அம்மாளையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

விடை, வினாடிக்குச் சுமார் 30 மீட்டர். மின்னலாய்ப் பறக்கும் என்று நினைத்தது ஒலியைவிட மெதுவாக, நம் எக்ஸ்பிரஸ் ரயில் வேகத்தில் வந்தது! குளிர்ந்தால் இன்னும் குறையும் என்றும் கண்டார். என் காலைச் சூடுபடுத்திவிட்டு ஆரம்பித்தது அதனால்தான்.

மனிதக் காலில் 40-க்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்கு 36. வெந்நீரில் கால் வைக்குமுன் முழங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இல்லாவிட்டால் சுட்டது கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும்.