கட்டணத் திரைப்படங்களில் நகல் தடை

ஒரு படத்துக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டி, வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கும் முறைக்குப் ‘பே பெர் வியூ’ என்று பெயர். அப்படி வரவழைத்த படத்தைப் பதிவு செய்யவோ, பதிவை வைத்திருக்கவோ, வேறு கருவிக்கு மாற்றவோ முடியாதபடி ஒளிபரப்பிலும் கருவியிலும் போடப்படும் பூட்டுகளைச் சேர்த்து நகல் தடை என்கிறோம். இது அதிகம் வளர்ந்ததும் அதிகம் வசவு வாங்கியதும் அமெரிக்காவில். அங்கே 1980களில் வீடியோ கேசட்டோடு தொடங்கிய தகராறு செட்டாப் பாக்ஸ், ஹார்டு டிஸ்க் ரெக்கார்டர், எச்டிஎம்ஐ கேபிள், கைப்பேசிச் செயலி என்று இடம் மாறி இன்றும் ஓயவில்லை. காசு கொடுத்தவருக்குத்தான் பூட்டு, திருட்டுப் பிரதி பார்ப்பவருக்கு ஒரு தடையும் இல்லை என்பது நாற்பது ஆண்டாகப் பார்வையாளர்கள் சொல்லிவரும் குறை. அதில் நியாயம் உண்டு.

பின்னணி

படத்துக்குப் படம் காசு வாங்கும் யோசனை பழையது. ஜெனித் நிறுவனம் 1951-இல் சிகாகோவில் 300 வீடுகளில் ‘போன்விஷன்’ என்ற முறையை 90 நாள் சோதித்துப் பார்த்தது. கலைத்து அனுப்பப்படும் படத்தைச் சரியாக்கும் சமிக்ஞை தொலைபேசிக் கம்பி வழியாக வரும். படத்துக்கு ஒரு டாலர். அன்று எந்த வீட்டிலும் பதிவுக் கருவி இல்லை என்பதால் நகல் என்ற பேச்சே எழவில்லை. 1977-இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வார்னர் நிறுவனத்தின் ‘க்யூப்’ கேபிள் சேவை வந்தது. 1985 நவம்பரில் ‘வியூவர்ஸ் சாய்ஸ்’, ‘ரிக்வெஸ்ட் டிவி’ என இரண்டு சேவைகள் நாடு முழுவதற்குமாகத் தொடங்கின. அதற்குள் கேசட் நாடாவில் பதிவு செய்யும் விசிஆர் வீடு வீடாக வந்துவிட்டிருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சோனியின் பீட்டாமேக்ஸ் விசிஆர் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவாயிற்று. டிவியில் வருவதை எல்லாம் பதிவு செய்யலாம் என்று மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். வழக்கில் பேசப்பட்டதோ ஆன்டெனாவில் இலவசமாக வரும் ஒளிபரப்பு மட்டும். தனிக் கட்டணம் கட்டிப் பார்க்கும் படத்தைப் பற்றி நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. இந்த இடைவெளியைப் பார்வையாளர்கள் கவனிக்கவில்லை, ஸ்டுடியோக்கள் கவனித்தன. பின்னால் எழுந்த எரிச்சலில் பெரும்பகுதி இங்கிருந்து பிறந்ததுதான். தன் உரிமை எங்கே முடிகிறது என்பதை யாரும் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பதிவு செய்த நாடாவைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டார்கள்.

மேக்ரோவிஷன்

அந்த நாடாவைக் கெடுத்த தொழில்நுட்பத்தின் பெயர் மேக்ரோவிஷன். 1984-இல் வெளியான ‘தி காட்டன் கிளப்’ படம் 1985-இல் வீடியோ கேசட்டாக வந்தபோது முதன்முதலில் பயன்பட்டது. பின்னர் செட்டாப் பாக்ஸுக்குள்ளும் வந்து, கட்டணப் படம் ஓடும்போது மட்டும் விழித்துக்கொள்ளும்படி ஆயிற்று.

அது வேலை செய்யும் விதம் தந்திரமானது. திரையில் ஒரு பிம்பம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன், கண்ணுக்குத் தெரியாத சில வரிகள் சமிக்ஞையில் கடந்து போகும். அந்த வரிகளில் அளவுக்கு மீறிய வெளிச்சத் துடிப்புகளை மேக்ரோவிஷன் செருகிவிடும். சமிக்ஞையின் வலிமையைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் ஒரு சுற்று விசிஆருக்குள் இருக்கிறது. படம் மிதமிஞ்சிப் பிரகாசமாக வருகிறது என்று அது ஏமாந்து, வலிமையைக் குறைத்துவிடும். பதிவான நாடாவில் படம் மங்கும், திடீரென்று பளிச்சிடும், நிறம் பிசகும், சில நேரம் உருளவும் செய்யும். நேரடியாகப் பார்க்கும்போது தொலைக்காட்சி இந்தத் துடிப்பைப் பொருட்படுத்தாது. ஆகவே பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மறுநாள் நாடாவைப் போடும்போதுதான் விஷயம் புரியும்.

பதிவு செய்யும் எண்ணமே இல்லாதவர்களும் இதில் மாட்டினார்கள். பழைய தொலைக்காட்சிகளில் ஆன்டெனா இணைப்பு ஒன்றுதான் இருக்கும். செட்டாப் பாக்ஸை விசிஆரில் இணைத்து, விசிஆரிலிருந்து தொலைக்காட்சிக்குக் கம்பி இழுப்பது அன்று வழக்கம். சமிக்ஞை விசிஆரைத் தாண்டி வருவதால், பதிவு பொத்தானைத் தொடாமலே படம் மங்கி மங்கி எரியும். பெட்டி பழுது என்று சேவை மையத்துக்குப் போன் செய்தவர்களுக்கு, கம்பியை மாற்றிப் போடுங்கள் என்பதுதான் பதில்.

கலங்கும் படத்தைச் சீராக்கும் சிறு பெட்டிகளும் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அவற்றில் சீமா நிறுவனத்தின் கருவிகளுக்கு எதிராக மேக்ரோவிஷன் நிறுவனம் வழக்குப் போட, 2006-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் விற்பனைக்குத் தடை விதித்தது. தன் பழைய நாடாக்களுக்குக் காப்பு நகல் எடுப்பவருக்கு உதவும் கருவி என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

சட்டம் சொன்னது

1998 அக்டோபரில் நிறைவேறிய டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் வினோதமான ஓர் ஏற்பாட்டைச் செய்தது. 18 மாதம் கழித்து அமெரிக்காவில் விற்கும் விஎச்எஸ் வகை விசிஆர் ஒவ்வொன்றும் மேக்ரோவிஷன் துடிப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்றது. அதுவரை சில இயந்திரங்கள் இந்தத் துடிப்புக்கு ஏமாறாமல் தெளிவாகப் பதிவு செய்துகொண்டிருந்தன. இனி ஏமாறுவது இயந்திரத்தின் சட்டப்படியான கடமை ஆயிற்று.

அதே பிரிவு மறுபக்கத்தில் ஒரு வேலியும் போட்டது. இலவச ஒளிபரப்பைப் பதிவு செய்வதை இந்தத் தொழில்நுட்பத்தால் தடுக்கக் கூடாது. மாதச் சந்தாச் சேனல்களில் வரும் படத்தை ஒருமுறை பதிவு செய்வதையும் தடுக்கக் கூடாது. பதிவிலிருந்து இன்னொரு நகல் எடுப்பதைத் தடுக்கலாம். தானே தேர்ந்தெடுத்து, தனிக் கட்டணம் கட்டிப் பார்க்கும் படத்தை மட்டும் முதல் பதிவிலேயே தடுக்கலாம். ஆக, அதிகக் காசு கொடுப்பவருக்குக் குறைந்த உரிமை என்பது எழுத்திலேயே வந்துவிட்டது.

2003-இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், எஃப்சிசி, டிஜிட்டல் கேபிளுக்கும் இதே படிநிலையை விதியாக்கியது. இலவச ஒளிபரப்புக்குத் தடையில்லை. சந்தாச் சேனலுக்கு ஒரு தலைமுறை நகல். கட்டணப் படத்துக்கு ‘ஒருபோதும் நகல் கூடாது’ என்ற முத்திரை. அந்த முத்திரை குத்திய படத்தை இடையில் நிறுத்திவைக்க 90 நிமிடம் வரை அனுமதி இருந்தது. நடுவில் விருந்தாளி வந்தால் அதற்குள் காபி கொடுத்து வழியனுப்பிவிட வேண்டியிருந்தது. கெடுபிடியாகத் தெரிந்தாலும், நிறுவனங்கள் இதற்கு மேல் இறுக்கக் கூடாது என்ற உச்சவரம்பும் அந்த விதிகளில் இருந்தது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனமான எக்கோஸ்டார் தொடுத்த வழக்கில் 2013 ஜனவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தபோது, பார்வையாளருக்கு இருந்த அந்தப் பாதுகாப்பும் சேர்ந்து போயிற்று.

டிவ்எக்ஸ்: ஒரு தோல்வி

கட்டணப் படத்தை வட்டில் விற்கும் முயற்சியும் நடந்தது. சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுக் கடைத் தொடர், ஹாலிவுட் வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 1998-இல் ‘டிவ்எக்ஸ்’ வட்டைக் கொண்டுவந்தது. பின்னாளில் கணினியில் பிரபலமான அதே பெயருள்ள வீடியோ வடிவத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சுமார் 4.50 டாலருக்கு வட்டை வாங்கலாம். முதல் தடவை போட்ட நேரத்திலிருந்து 48 மணி நேரம் ஓடும். அதன்பின் பார்க்க மறுபடி பணம். எந்த வட்டு எப்போது ஓடியது என்பதைக் கருவி தொலைபேசி வழியாகத் தலைமையகத்துக்குத் தெரிவிக்கும்.

வாடகைக் கடைக்குத் திரும்பப் போக வேண்டாம், தாமதக் கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். வசதி உண்மைதான். ஆனால் கையில் வட்டு இருந்தும் படம் தனதில்லை என்பதையும், வீட்டில் என்ன பார்க்கிறோம் என்று ஒரு கருவி போன் போட்டுச் சொல்வதையும் மக்கள் ஏற்கவில்லை. அதே கடையில், எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய சாதாரண டிவிடியும் விற்பனைக்கு இருந்தது. 1999 ஜூனில் திட்டம் கைவிடப்பட்டது. சர்க்யூட் சிட்டி கணக்கில் காட்டிய நஷ்டம் 11.4 கோடி டாலர். 2001 ஜூலையில் தலைமையகக் கணினி நிறுத்தப்பட்டதும், அந்த வட்டுகள் வெறும் பிளாஸ்டிக் ஆயின. நகல் தடையின் வரலாற்றில் பார்வையாளர்கள் முழுதாக வென்ற சண்டை இது. கடையில் மாற்றுப் பொருள் இருந்ததால் வென்றார்கள். பின்னால் வந்த சண்டைகளில் அந்த மாற்று இல்லை.

காலாவதியாகும் பதிவு

ஹார்டு டிஸ்க் ரெக்கார்டர் வந்தபின் தடையின் உருவம் மாறியது. நகல் எடுக்க விடும். ஆனால் வைத்திருக்க விடாது. டிவோ நிறுவனம் தன் ரெக்கார்டர்களில் மேக்ரோவிஷன் முத்திரை உள்ள பதிவுகள் குறித்த காலத்தில் அழியும் வசதியைச் சேர்த்தது. கட்டணப் படங்களுக்கு மட்டும் என்றுதான் சொல்லப்பட்டது. 2005 செப்டம்பரில் ‘தி சிம்ப்சன்ஸ்’, ‘கிங் ஆஃப் தி ஹில்’ ஆகிய சாதாரணத் தொலைக்காட்சித் தொடர்களின் பதிவுகளிலும் சில வீடுகளில் காலாவதி எச்சரிக்கை தோன்றியது. சமிக்ஞையில் கலந்த இரைச்சலைக் கருவி முத்திரை என்று தவறாக எடுத்துக்கொண்டது என நிறுவனம் விளக்கியது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் தன் வீட்டுப் பெட்டி வேறு யாருக்கோ கீழ்ப்படிகிறது என்பதை அன்று நேரில் கண்டவர்கள் அதை மறக்கவில்லை.

செயற்கைக்கோள் சேவையான டைரக்டிவியின் சந்தாதாரர்களுக்கு இந்த அனுபவம் 2008 ஜூலையில் கிடைத்தது. அதுவரை காசு கொடுத்துப் பதிவு செய்த படம் ரெக்கார்டரில் இடம் இருக்கும்வரை இருக்கும். ஸ்டுடியோக்களின் நிபந்தனை என்று சொல்லி, இனி 24 மணி நேரத்தில் அழியும் என்றது நிறுவனம். அதே ஆண்டு ஜனவரியில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் தொடங்கிய வாடகைச் சேவையிலும் 30 நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கினால் 24 மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பதே விதி. இந்த 24 மணிக் கணக்கு குடும்பஸ்தர்களை வாட்டியது. இரவு 9 மணிக்குப் படத்தைப் போட்டு, குழந்தை அழுதோ தூக்கம் வந்தோ பாதியில் நிறுத்தினால், மறுநாள் வேலை முடிந்து, சாப்பிட்டு உட்காரும் 9 மணிக்குப் படம் போய்விட்டிருக்கும். வாடகைக் கடையோ ஒரு வட்டைப் பல நாட்களுக்குக் கொடுத்தது. இன்று பெரும்பாலான சேவைகளில் அது 48 மணி நேரமாகியிருக்கிறது.

கம்பியிலும் பூட்டு

எச்டிஎம்ஐ கேபிளில் பயன்படும் ‘எச்டிசிபி’ முறையில், படத்தை அனுப்பும் கருவியும் காட்டும் திரையும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் படம் தெரியும். 2008 நவம்பரில் புதிய மேக்புக் வாங்கியவர்கள், ஐடியூன்ஸில் காசு கொடுத்து எடுத்த படத்தைப் பழைய புரொஜெக்டரிலோ மானிட்டரிலோ போட முடியாமல் திண்டாடினார்கள். மாத இறுதியில் ஆப்பிள் ஒரு திருத்தம் வெளியிட்டு, உயர்தெளிவு அல்லாத படங்களுக்கு மட்டும் வழிவிட்டது.

அனலாக் இணைப்புகளைத் தூரத்திலிருந்தே அணைக்க அனுமதி கேட்டு ஹாலிவுட் தயாரிப்பாளர் சங்கம் எஃப்சிசியை அணுகியது. எச்டிஎம்ஐ இல்லாத பழைய எச்டி டிவி வைத்திருப்பவர்கள் கைவிடப்படுவார்கள் என்று நுகர்வோர் மின்னணுச் சங்கமும் ‘பப்ளிக் நாலெட்ஜ்’ அமைப்பும் எதிர்த்தன. டிவிடிக்கு முன்னதாக வீட்டுக்கு வரும் படங்களுக்கு, 90 நாள் வரம்போடு 2010 மேயில் அனுமதி கிடைத்தது. நான்கே மாதத்தில், செப்டம்பரில், எச்டிசிபியின் தலைமைச் சாவி இணையத்தில் வெளியாயிற்று. அது உண்மையான சாவிதான் என்று எச்டிசிபியை உருவாக்கிய இன்டெல் ஒப்புக்கொண்டது. பழைய டிவிக்காரர்களுக்குப் போட்ட பூட்டு அப்படியே இருந்தது.

ஸ்டுடியோக்களின் கணக்கு

தயாரிப்பாளர் தரப்பையும் சொல்ல வேண்டும். ஒரு படம் திரையரங்கு, வட்டு, கட்டணத் தொலைக்காட்சி, சந்தாச் சேனல், இலவச ஒளிபரப்பு என்று படிப்படியாக இறங்கிவந்து ஒவ்வொரு படியிலும் பணம் ஈட்டுகிறது. நான்கு டாலர் வாடகையில் எடுத்த படம் என்றென்றைக்கும் வீட்டில் தங்கினால் இருபது டாலர் வட்டு விற்காது. இந்தக் கணக்கில் பிழை இல்லை. முன்கூட்டியே வெளியிட்டுக் கூடுதல் விலை வாங்கவும் பார்த்தார்கள்: 2011 ஏப்ரலில் டைரக்டிவி ‘ஹோம் பிரீமியர்’ என்று திரையரங்கில் வந்த 60 நாளில் 29.99 டாலருக்குப் படம் கொடுத்தது. அந்த விலைக்கும் 48 மணி நேரம்தான். கணக்கு சரி என்றாலும் பூட்டு ஆள் மாறிப் போய் விழுந்தது. நகல் எடுத்து விற்பவருக்கு ஒரு பிரதி கிடைத்தால் போதும். அதைப் பெற ஆயிரம் வழி. வீட்டில் இருப்பவருக்கு வழி ஒன்றுதான், அதில்தான் தடை.

இந்தியாவில்

படத்துக்குப் படம் கட்டணம் என்பதைத் தமிழ்நாட்டில் பரபரப்பாக்கியவர் கமல்ஹாசன். 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்குக்கு முன்பே டிடிஎச் வழியாக 1,000 ரூபாய்க்குக் காட்டத் திட்டமிட்டார். தியேட்டர் உரிமையாளர்களின் எதிர்ப்பால் அது நடக்கவில்லை. கொரோனா காலத்தில் 2020 அக்டோபர் 2 அன்று ‘க/பெ ரணசிங்கம்’ ஜீபிளெக்ஸ் தளத்தில் 199 ரூபாய்க்கு வந்தது. நகல் தடை பற்றிய தகராறு இங்கே பெரிதாக எழவில்லை. எழாததற்குப் பழக்கமே காரணம் எனலாம்: டிடிஎச் பெட்டியில் பதிவு செய்ததைக் கணினியில் போட்டால் திறக்காது, பெட்டி மாறினால் பழைய பதிவு போயிற்று, செயலியில் ஓடும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்புக் கட்டம்தான் கிடைக்கும். இதையெல்லாம் இயல்பென்றே ஏற்றுக்கொண்டோம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காக உடைப்பதை அது விலக்கிவிடுகிறது. இந்த இடத்தில் அமெரிக்கச் சட்டத்தைவிட இது தாராளமானது. ஆனால் அத்தகைய காரியத்துக்காகப் பூட்டைத் திறந்துவிடும் பொறுப்பை நிறுவனத்தின் மேல் அந்தப் பிரிவு சுமத்தவில்லை.