விலையும் நாணமும்: மாணவியர்க்குச் சுகாதாரத் துவாய் வந்த வரலாறு



இலங்கையிலே பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமை 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சி ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டது. ஆயினும், திறந்த கதவினூடே பிள்ளை நாள்தோறும் வந்து வகுப்பில் அமர வேண்டுமானால் வேறு பலவும் வேண்டியிருந்தன. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாதென்று பணிசும் பாலும் ஒரு காலத்தில் வழங்கப்பட்டன. 1980இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993இல் சீருடைத் துணியும் இலவசமாயிற்று. இவையாவும் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பொதுவானவை. பெண்பிள்ளைக்கு மட்டுமே உரிய ஒரு தேவை இப்பட்டியலில் இடம்பெறுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. மாதவிடாய்க் காலத்தில் அணியும் சுகாதாரத் துவாயே அத்தேவை. அது பள்ளிக்கூடத்து வாசலை வந்தடைந்த வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

இப்பொருளை வானொலியிலே பேசலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால் நம் சமூகத்தின் வழக்கத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பெண் பெரியபிள்ளையானால் பந்தலிடுகிறோம், அழைப்பிதழ் அச்சிடுகிறோம், ஒலிபெருக்கி கட்டி ஊரையே கூட்டிச் சாமத்தியச் சடங்கு நடத்துகிறோம். அடுத்த மாதம் அப்பிள்ளை பாடசாலையில் எவ்வாறு ஐந்து நாட்களைக் கழிக்கும் என்ற கேள்வி எழும்போது மாத்திரம் துடக்கென்றும் தீட்டென்றும் சொல்லி வாயை மூடிக்கொள்கிறோம். ஊரறியக் கொண்டாடிய ஒன்றை ஊரறியப் பேசுவதில் குற்றமில்லை.

இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கின், பெண்ணின் வழியை இரண்டு தடைகள் எப்பொழுதும் மறித்து நின்றமை புலனாகும். ஒன்று விலை, மற்றது நாணம்.

பண்டு தொட்டு உலகெங்கும் பெண்கள் பழந்துணியையே பயன்படுத்தினர். அதனைத் துவைக்க நீரும், உலர்த்த வெயிலும் வேண்டும். நாணத்தினால் இருட்டறையில் உலர்த்திய துணி நோய்க்கு இடமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நிறுவனமொன்று, பயன்படுத்தியபின் எறிந்துவிடத்தக்க துவாய்களை, அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் பெயரைச் சூட்டி விற்பனைக்கு விட்டது. பொருள் நல்லதே, ஆயினும் பிறர் பார்க்க அதைக் கடையில் கேட்டு வாங்கப் பெண்கள் கூசினர். எனவே அது நிலைபெறவில்லை.

முதலாம் உலக மகாயுத்தம் இதற்கொரு திருப்பத்தைத் தந்தது. மரக்கூழிலிருந்து செய்த ஒருவகைப் பஞ்சு காயங்களுக்குக் கட்டுப்போடப் பயன்பட்டது. போர்க்கள மருத்துவமனைகளிலே பணிபுரிந்த தாதியர் அப்பஞ்சைத் தம் மாதவிடாய்க்கும் பயன்படுத்தினர். போர் ஓய்ந்தபின், அதனைச் செய்த கிம்பர்லி கிளார்க் நிறுவனம் 1920இல் கோட்டெக்ஸ் என்ற பெயரில் துவாய்களை விற்கத் தொடங்கிற்று. அப்பொழுதும் நாணம் குறுக்கே நின்றது. அதற்குக் கண்ட உபாயம் வியத்தற்குரியது. கடையிலே துவாய்ப் பெட்டிகளை அடுக்கி, அருகே காசு போடும் பெட்டியொன்றையும் வைத்தனர். வாங்க வருபவள் எவரிடமும் வாய் திறவாது காசை இட்டுப் பொருளை எடுத்துச் செல்லலாம். எவரையும் கேளாமல் பெறுதல் என்ற இந்த உபாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுகளின் பின் பள்ளிக்கூடங்களிலும் அதுவே பயன்படப் போகிறது.

கடையில் வாங்கும் கூச்சம் சிறிது குறைந்ததெனினும், விலை என்ற தடை நீங்கவில்லை. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு நான்கு துவாய்கள் வீதம் ஐந்து நாட்களுக்கு இருபது வேண்டும். பக்கெற் ஒன்றில் பத்து இருப்பின், ஒருவருக்கு மாதம் இரண்டு பக்கெற்றுகள். தாயும் இரு பெண்மக்களும் உள்ள வீட்டில் ஆறு பக்கெற்றுகள். நாட்கூலியில் வாழும் குடும்பத்தில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பின்னரே இதன் முறை வரும். பல மாதங்களில் வராமலே போகும்.

இவ்வாறான பொருளின் மீது வரியும் விதிப்பது முறையா என்ற கேள்விக்கு முந்தி விடை பகர்ந்த நாடுகளுள் ஆபிரிக்காவின் கென்யா முன்னிற்கிறது. 2004இல் அந்நாடு சுகாதாரத் துவாய்களின் மீதிருந்த பெறுமதி சேர் வரியை நீக்கிற்று. 2017இல் அடிப்படைக் கல்விச் சட்டத்தைத் திருத்தி, பாடசாலையிற் பதிவு பெற்ற, பருவமெய்திய ஒவ்வொரு மாணவிக்கும் போதிய அளவில் தரமான துவாய்களை இலவசமாக வழங்குவது அரசின் கடமையென விதித்தது. பயன்படுத்தியவற்றைத் தீங்கின்றி அகற்றுதற்கு வழி செய்தலும் அச்சட்டத்தில் அடங்கும். செல்வ நாடுகள் பல இதனை எண்ணிப் பாராத காலத்தில், வறுமையோடு போராடும் நாடொன்று இதனைச் சட்டமாக்கியது குறிப்பிடத்தக்கது.

செல்வ நாடுகளிலும் இக்குறை இருந்தே வந்தது. ஸ்கொட்லாந்திலே அபர்டீன் நகரில் 2017இல் ஒரு முன்னோடித் திட்டம் நடைபெற்றது. அடுத்த ஆண்டு அந்நாட்டு அரசு 52 இலட்சம் பவுண் ஒதுக்கிப் பாடசாலைகள், கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் அனைத்திலும் இப்பொருட்களை இலவசமாக்கியது. மொனிக்கா லெனன் என்ற உறுப்பினர் கொணர்ந்த சட்டமூலம் 2020 நவம்பர் 24ஆந் திகதி ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறி, 2022 ஓகஸ்ட் 15 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தேவையுள்ள எவரும் இலவசமாகப் பெறலாம் என்று சட்டம் வகுத்த முதல் நாடு இதுவே. பொருட்களை எளிதாகவும், பெறுபவரின் கண்ணியத்துக்கு இழுக்கு நேராத வகையிலும் வழங்க வேண்டுமென்று அச்சட்டம் கூறுவது கவனிக்கத்தக்கது. விலையை மட்டுமன்றி நாணத்தையும் எண்ணிப் பார்த்த சட்டம் அது.

ஏனைய இடங்களிலும் இந்நோக்கு பரவிற்று. நியூ யோர்க் மாநகரம் 2016இலும், இங்கிலாந்து 2020இலும் அரச பாடசாலைகளில் இதனை ஏற்படுத்தின. நியூசீலாந்து 2020இல் வைக்காட்டோப் பகுதியின் 15 பாடசாலைகளில் முயன்று பார்த்து, 2021இல் நாடெங்கும் விரிவாக்கியது. நமக்கு அண்மையிலுள்ள தமிழ்நாட்டில், கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவசமாகத் துவாய் வழங்கும் திட்டம் 2011இலேயே அறிவிக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், மகளிர் குழுக்கள் தாமே இயக்கித் துவாய் செய்யத்தக்க மலிவான பொறியை உருவாக்கி, 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றமையும் பலர் அறிந்ததே.

துவாயைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்ற ஐயம் நியாயமானதே. நேபாளத்தின் சித்வான் பகுதியிலே எமிலி ஒஸ்டர், ரெபேக்கா தோர்ன்டன் என்னும் பொருளியலறிஞர் இருவர் மாணவியருக்கு மாதவிடாய்க் கிண்ணங்களை வழங்கி ஆராய்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். அவ்விடத்தில் மாதவிடாயால் வரவு குறைந்தது மிகச் சிறிதளவே என்றும், கிண்ணங்களால் வரவு உயரவில்லை என்றும் அவர்கள் கண்டனர். இம்முடிவை நாம் மறைக்க வேண்டியதில்லை. வயிற்று நோவைத் துணியோ கிண்ணமோ தீர்க்காது. தண்ணீரில்லாத கழிவறையையும் அது தீர்க்காது. மேலும், வரவுப் பதிவேடு ஒரு பிள்ளை வந்ததா இல்லையா என்பதை மட்டுமே கூறும். வந்த பிள்ளை, உடையிற் கறை படிந்திருக்குமோ என்ற அச்சத்தில் எழுந்து விடை கூறாமலும், விளையாட்டுத் திடலுக்குச் செல்லாமலும், நீர் அருந்தாமலும் இருந்ததை எந்தப் பதிவேடும் கூறாது. அதிபராயிருப்போர் அனைவரும் இதனை அறிவர்.

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். 2018 செப்டெம்பர் வரை, இறக்குமதி செய்யப்பட்ட சுகாதாரத் துவாய்களின் மீதான வரிகள் அனைத்தையுங் கூட்டின் 101.2 வீதமாக இருந்தன. அதாவது, பொருளின் விலைக்கு மேற்பட்ட தொகை வரியாகவே சென்றது. அவ்வாண்டில் ஒரு வரி நீக்கப்பட்டதால் அது 62.6 வீதமாயிற்று. 2022இன் பொருளாதார நெருக்கடியில் விலைகள் தாங்கொணாது உயர்ந்தபோது மேலும் சலுகைகள் அளிக்கப்பட்டன. 2024இல், கஷ்டப் பிரதேசங்களிலும் தோட்டப் பகுதிகளிலும் நகர்ப்புற வறிய பகுதிகளிலும் பயிலும் ஏறத்தாழ 8 இலட்சம் மாணவியரைக் கருதி, பற்றுச்சீட்டு மூலம் இலவசத் துவாய் வழங்கும் திட்டத்தைக் கல்வி அமைச்சு தொடங்கிற்று. இலவசக் கல்வியின் பட்டியலில் விடுபட்டிருந்த இடம் இவ்வாறு நிரம்பத் தொடங்கியது.

எனினும் பற்றுச்சீட்டு விலையென்னும் தடையை மட்டுமே தளர்த்தும். அதைக் கடைக்குக் கொண்டு செல்ல வேண்டியவள் அதே சிறுமியே. கடையில் நிற்பவர் அவள் தெருவைச் சேர்ந்த அண்ணனாகவோ மாமாவாகவோ இருக்கலாம். ஆதலின் பாடசாலைகள் தம்மாலியன்ற மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். மாணவியர் கழிவறையில், எவரிடமுங் கேளாது எடுத்துக்கொள்ளத்தக்கதாய்ச் சிறு அலுமாரியொன்றில் துவாய்களை வைத்தல் முதலாவது. அக்கழிவறைக்குத் தண்ணீரும், தாழிடும் கதவும், மூடியுள்ள வாளியும் இருத்தல் இரண்டாவது. சுகாதாரப் பாடத்தில் இப்பகுதி வரும்பொழுது, வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் தட்டிவிடாது, ஆண்பிள்ளைகளும் இருக்கும் வகுப்பிலே முறையாகக் கற்பித்தல் மூன்றாவது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். சாமத்தியச் சடங்குக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கை அப்பிள்ளை பயிலும் பாடசாலையின் அலுமாரிக்கென அளித்தால், அவளுக்கும் அவள் தோழியருக்கும் ஓராண்டுத் தேவை நிறைவேறும். பந்தல் மூன்று நாளில் அவிழ்ந்துவிடும். பிள்ளையின் படிப்போ இன்னும் பல ஆண்டுகள் தொடர வேண்டியது.