நெஞ்சிலிருந்து கணினிக்கு...

கிரிவலம் என்றால் 14 கிலோமீட்டர் நடை. அதை முடித்து வேங்கிக்கால் பக்கம் வீடு திரும்புபவர், கையில் இதயத் துடிப்பு காட்டும் பட்டை கட்டியிருந்தால், செருப்பைக் கழற்றுவதற்குள் நடந்த கணக்கு முழுவதும் செல்பேசியில் ஏறிவிடும். இது ஒரு காலத்தில் முதுகுச் சுமையாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

1940களின் இறுதியில் அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர், நடமாடும் மனிதனின் இதய மின்னலைகளை வானொலி வழியாக அனுப்பிக் காட்டினார். கருவியின் எடை சுமார் 38 கிலோ! ஆராய்ச்சிக்குச் சரி, ஓடுபவனுக்கு ஆகுமா?

அதற்கு வழி கண்டது பின்லாந்து. ஊலு பல்கலைக்கழகத்தின் செப்போ சைனாயாகங்காஸ் 1977-ல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். பனிச்சறுக்கு வீரர்களுக்காகப் பிறந்த யோசனை இது. 1982-ல் கம்பியில்லாக் கருவி வந்தது. மார்பில் கட்டிய பட்டை இதயத்தின் மின் அழுத்தத்தை உணரும். ஒவ்வொரு துடிப்புக்கும் 5 கிலோஹெர்ட்ஸ் காந்தத் துடிப்பு ஒன்றை வெளியிடும். கைக்கடிகாரம் அதைப் பிடித்துக்கொள்ளும். எட்டும் தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பக்கத்தில் இன்னொருவர் ஓடினால் அவர் இதயமும் உங்கள் கடிகாரத்தில் வந்து துடிக்கும்! பிறகு பட்டைக்கு ஒரு குறியீடு கொடுத்து இதைச் சரிசெய்தார்கள்.

1984-ல் வந்த பி.இ.3000, சேமித்த துடிப்புகளைக் கணினிக்கு அனுப்பியது. (டாட்டாவும் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஓசூர் கடிகாரங்கள் துடிப்பைக் காட்டப் பல ஆண்டுகள் ஆயின.) அடுத்து அகச்சிவப்புக் கதிர் வழி வந்தது. அதைவிட வேடிக்கையானது சோனிக்லிங்க். கடிகாரம் கீச்சுக் குரலில் தகவலைப் பாட, கணினியின் மைக் கேட்டு எழுதிக்கொள்ளும். மோடம் போட்டு இணையம் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கீதம் புரியும்.

பல நிறுவனங்கள் தனித்தனி மொழி பேசியதால் ஒன்றின் பட்டை மற்றொன்றுக்குப் பல நேரங்களில் உதவவில்லை. 2011-ல் புளூடூத் அமைப்பு இதயத் துடிப்புக்கென ஒரு பொது வடிவம் வகுத்தது. நிமிடத் துடிப்பு எவ்வளவு, இரண்டு துடிப்புகளுக்கு இடைவெளி எவ்வளவு என்பதை எந்தக் கருவியும் ஒரே முறையில் சொல்லலாம்.

வசதி பெருகியது, ஆனால் ஒன்று கைநழுவியது. கேபிள் காலத்தில் தகவல் வீட்டுக் கணினியோடு நின்றது. இன்றைய கைப்பட்டைகள் பெரும்பாலும் செயலி வழியாக நிறுவனத்தின் சர்வருக்கே அனுப்புகின்றன. 2017-ல் ஜாபோன் நிறுவனம் மூடப்பட்டது. பின்னர் அதன் செயலியும் நின்றது. இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல்தான் இயற்றப்பட்டது.

இத்தனைக்கும் பழைய நேர்வழி அடைபடவில்லை. புளூடூத் உள்ள மார்புப் பட்டையை மடிக்கணினியோடு நேரே இணைத்து, சின்ன நிரல் ஒன்றால் துடிப்புகளைக் கோப்பில் எழுதலாம். சர்வரும் வேண்டாம், கணக்கு தொடங்கவும் வேண்டாம்.