மலைநாட்டுப் பாதைகளும் தொழிலாளர் கால்களும்

ஒரு நாட்டின் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் வாகனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வாகனம் ஏறாத மக்களின் பயணம் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை நோக்குமிடத்து இக்குறை தெளிவாகப் புலப்படும். 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார் இன்றைய வடிவிலான துவிச்சக்கரவண்டியை அறிமுகஞ்செய்தார். அதே ஆண்டில் மலைநாட்டுப் புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்தது. பின்வந்த காலத்தில் யாழ்ப்பாணத்துச் சமதரையில் துவிச்சக்கரவண்டி விவசாயிக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உற்ற துணையாயிற்று. ஆனால், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத் தொழிலாளர் அதில் ஏறி வேலைக்குச் செல்லும் வழக்கம் ஏற்படவில்லை. நிலத்தின் செங்குத்து இதற்கு ஒரு காரணம். அதுவே முழுக் காரணமன்று.

முதற்கண் இப்பிரதேசத்தின் காலநிலையை நோக்குதல் வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும் ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளிற் பெருமழை பொழிவிக்கின்றது. வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் ஆகும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குச் சரிவுகள் நனைகின்றன. பட்டிப்பொலையை அடுத்த சுரங்கத்தின் ஒருபுறம் மழையும் மறுபுறம் வெயிலுமாக இருப்பதைப் புகையிரதப் பயணிகள் பலரும் கண்டுள்ளனர். சனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவில் இரவில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதும் உண்டு. காலையிற் பனிமூட்டம், நண்பகலில் வெயில், பிற்பகலில் இடியுடன் மழை என ஒரே நாளிற் பல பருவங்களைக் காணும் நாடு இது.

இத்தகைய நாட்டிற் பாதைகள் யாருக்காக அமைக்கப்பட்டன? கோப்பிக் காலத்திலே தவளமாடுகளும் மாட்டுவண்டிகளுமே விளைபொருளைச் சுமந்தன. மழையாற் பாதைகள் சேறாகியபோது கோப்பி மூட்டைகள் வழியில் தேங்கின. 1854இல் நிறுவப்பட்ட தோட்டத்துரைமார் சங்கம் வீதிகளையும் புகையிரதத்தையும் இடையறாது கோரியமைக்குக் காரணம் இதுவே. 1867இல் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் புகையிரதம் அடைந்தது. பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலும் அது சென்றது. தோட்டத்து வண்டிப்பாதைகள் தொழிற்சாலையை நோக்கியும், அங்கிருந்து பெருவீதியையும் புகையிரத நிலையத்தையும் நோக்கியும் வெட்டப்பட்டன. பொருளின் வழியே பாதையின் வழியாயிற்று.

இப்பாதைகளாற் பயன்விளைந்த தோட்டங்களுக்கு உழைக்க வந்தோரோ நடந்தே வந்தனர். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். கொள்ளைநோய்க்கும் பசிக்கும் வழியிற் பலியானோர் பலர். காலப்போக்கில் அந்நெடுநடை முடிவுற்றது; 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும் வந்தது. ஆயின் தோட்டத்தினுள் நாளாந்த நடை முடிவுறவில்லை.

கோப்பி அழிந்து தேயிலை பரவியமை இந்நடையின் தன்மையை மாற்றியது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1869இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே பெருந்தொகையினர் தேவைப்பட்டனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. சில நாட்களுக்கொருமுறை அதே மலையிற் பறித்தாக வேண்டும். ஆகவே மழையையும் பனியையும் தவிர்த்து வேலை செய்யும் வாய்ப்பு தொழிலாளருக்கு இல்லாதொழிந்தது.

விடியுமுன் தப்பு முழங்க, லயங்களிலிருந்து தொழிலாளர் பிரட்டுக்களத்துக்கு விரைந்தனர். பெண்கள் குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, கம்பளியைக் கொங்காணியாகத் தலையில் இட்டு, படங்கை இடுப்பிற் கட்டி, கூடையுடன் மலையேறினர். அவர்கள் சென்றவை வழுக்கும் குறுக்குப் பாதைகளும் கற்படிகளுமேயன்றி வண்டிப்பாதைகளல்ல. பிந்தியவரைத் திருப்பியனுப்புதலும், வேலை குறைந்தபோது முழுப்பெயருக்குப் பதிலாக அரைப்பெயர் இடுதலும் தோட்டங்களில் வழக்கமாயிருந்தன. மழைநாளிற் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கெனக் கழிவும் செய்யப்பட்டது. மழையிலிருந்து காக்கும் கம்பளியின் விலையும் தொழிலாளரின் கணக்கிலேயே எழுதப்பட்டது. இவ்வாறு, இயற்கையின் நிச்சயமின்மையால் விளைந்த இழப்பிற் பெரும்பங்கு மிகக் குறைந்த கூலி பெற்றவர்மீதே சுமத்தப்பட்டது. லயம் தோட்டத்தினுள்ளேயே இருந்தமையால் தொழிலாளருக்குப் போக்குவரத்துத் தேவை உண்டென்ற எண்ணமே நிருவாகத்துக்கு எழவில்லை எனலாம். துவிச்சக்கரவண்டி அங்கு வேரூன்றாமைக்கு நிலத்தின் சரிவோடு இச்சமூக அமைப்பும் காரணமாகும்.

1975இற் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. பேருந்தும் முச்சக்கரவண்டியும் இன்று பல தோட்டங்களை எட்டியுள்ளன. எனினும் 2022இல் எரிபொருள் அருகியபோது, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பலர் துவிச்சக்கரவண்டியை நாடினர். மலைச்சரிவில் வாழ்ந்தோருக்குக் கால்களே எஞ்சின. 2014 ஒக்ரோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண்சரிவு மூடியது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு, மலைநாட்டு வீதிகளையும் புகையிரதப் பாதையையும் துண்டித்தது. பாதை அறுந்தபோது முதலில் தனிமைப்பட்டவை பெருவீதிக்கு அப்பாலிருந்த குடியிருப்புக்களே.

நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேயிலை சந்தையை அடைவதற்கான வழி செப்பனிடப்பட்டு வந்துள்ளது. அதனைப் பறிப்போர் நனையாமல் வேலைக்குச் செல்லவும், அவர்தம் பிள்ளைகள் வழுக்காமற் பாடசாலை செல்லவும் உரிய வழி இன்னும் பல தோட்டங்களில் அமையவில்லை. அவ்வழி அமையும் நாளிலேயே மலைநாட்டுப் போக்குவரத்தின் வரலாறு மக்களின் வரலாறாகும்.