அரை மணி நேரப் பாட்டுக்காக நடந்த வழக்கு

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "போன்ல நோட்டிஃபிகேஷன் தொல்லை தாங்கல. பாட்டு கேட்க மட்டும் தனியா ஒரு பிளேயர் வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்குறது?"

மாடல் பெயர் சொல்ல நான் சரியான ஆள் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போயிருக்கக்கூடிய ஒரு சமயம் இருந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

1998. தென் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. அதே வருடம் கலிஃபோர்னியாவில் டைமண்ட் மல்டிமீடியா என்ற கம்பெனி, 'ரியோ பிஎம்பி300' என்று ஒன்றை அறிவித்தது. விலை சுமார் 200 டாலர். நினைவகம் 32 மெகாபைட். ஜிகாபைட் இல்லைங்க, மெகாபைட்! ஓரளவு நல்ல தரத்தில் அரை மணி நேரப் பாட்டுதான் அதில் பிடிக்கும். அன்றைக்கு ஒரு சிடியில் 74 நிமிடம் கேட்கலாம். அப்புறம் எதுக்கு இதை வாங்கணும்? ஓடினாலும் குதித்தாலும் பாட்டு தாவாது, ஏனென்றால் உள்ளே சுழல்கிற பாகம் எதுவுமே கிடையாது. அதைவிட முக்கியம், எந்தப் பாட்டு எந்த வரிசையில் என்பதை முடிவு செய்வது நீங்கள்.

அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ, அக்டோபரில் நீதிமன்றத்துக்குப் போனது. 1992-இல் வந்த ஒரு சட்டப்படி, டிஜிட்டலாக இசையைப் பதிவு செய்யும் கருவிகள் ராயல்டி கட்ட வேண்டும். நகலிலிருந்து நகல் எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடும் உள்ளே இருக்க வேண்டும். ரியோவில் அந்த ஏற்பாடு இல்லை, தடை போடுங்கள் என்றார்கள். இடைக்காலத் தடை வந்தது. பத்தே நாளில் நீதிபதி ஆட்ரி காலின்ஸ் அதை நீட்டிக்க மறுத்துவிட்டார்.

1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ரியோ பக்கமே நின்றது. காரணம் ரொம்ப சுவாரசியமானது. ரியோ பாட்டை எடுப்பது கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து. ஹார்ட் டிஸ்க்கில் பாட்டு மட்டுமா இருக்கு? ஆபீஸ் கணக்கு, கேம்ஸ், கடிதம் எல்லாம் கிடக்கும். ஆகவே சட்டம் சொல்கிற 'இசைப்பதிவு' அது இல்லை. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பாட்டைக் கையோடு எடுத்துப் போவதற்காக ஒருவர் நகல் எடுப்பது, டிவி நிகழ்ச்சியை விசிஆரில் பதிந்து பிறகு பார்ப்பது மாதிரிதான்.

அந்த விசிஆர் வழக்கில் 1984-இல் ஜெயித்தது யார் தெரியுமா? சோனி. ஆனால் ரியோ காலத்துக்குள் சோனிக்குச் சொந்தமாகவே பெரிய இசைத்தட்டு நிறுவனம் வந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, அவர்களுடைய டிஜிட்டல் வாக்மேன்கள் பல வருடம் எம்பி3-ஐ நேரடியாக ஏற்கவில்லை. அவர்களுடைய சொந்த வடிவத்துக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். வாக்மேன் கண்டுபிடித்த கம்பெனிக்கு இந்த நிலைமை!

அந்த இடைவெளியில்தான் ஐபாட் நுழைந்தது. 2001 அக்டோபர், 5 ஜிகாபைட், 399 டாலர், மேக் கம்ப்யூட்டரோடு மட்டுமே வேலை செய்யும். சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனியின் நோமாட் ஜூக்பாக்ஸ் அதற்கு ஒரு வருடம் முன்பே 6 ஜிகாபைட்டோடு வந்திருந்தது. காகிதத்தில் நோமாட்தான் பெரிசு. ஆனால் அது சிடி பிளேயர் சைஸ், பாட்டு ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். ஐபாட் சட்டைப் பையில் அடங்கியது, சில நிமிடங்களில் நிரம்பியது. ஒரே குறை, பாட்டு உள்ளே போகும், சுலபமாக வெளியே வராது. ஃபைல்களை மறைத்து வைத்திருப்பார்கள். முதல் ஐபாட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கில், இசையைத் திருடாதே என்று அச்சடித்தே கொடுத்தார்கள்.

என்னுடைய முதல் பிளேயர் 2006-இல் ரிச்சி தெருவில் வாங்கியது. 256 மெகாபைட், விரல் நீளம், என்ன பிராண்டு என்று கடைசிவரை தெரியாது. எட்டு மாசத்துல செத்துப்போச்சு. ஆனால் கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் மாதிரி திறக்கும். சாவதற்கு முன்னாடி எல்லாப் பாட்டையும் திருப்பி எடுத்து வைத்துவிட்டேன். போன மாசம் நான் காசு கட்டிக் கேட்கிற ஆப்பில், என் பிளேலிஸ்ட்டிலிருந்த ஒரு ஆல்பம் முழுக்க சாம்பல் நிறமாகிவிட்டது. தொட்டால் பாடவில்லை. காரணமும் சொல்லவில்லை.

அதனால் பிளேயர் வாங்கப் போகிறவர்கள், கடையிலேயே கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்க: ஃபோல்டராகத் திறக்குதா, பாட்டு வெளியே வருதா, மெமரி கார்டு போட இடம் இருக்கா. பேட்டரி, ஸ்கிரீன் எல்லாம் அப்புறம்.

என் அந்த 256 மெகாபைட் ஃபோல்டர் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது. அதில் ரெண்டு பாட்டு பாதியிலேயே நின்னுடும். இடம் பத்தாம அன்னைக்கு அவ்வளவுதான் காப்பி ஆச்சு.